வரப்பில் தூவ வேண்டிய விதை

தேனீப் பெட்டிகள் வாங்கித் தரவேண்டும் என்னும் கோரிக்கை அண்மைக் காலத்தில் நமது சங்கங்களின் பேரவைக் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. கோரிக்கை நியாயமானதே. பூசணியும் தர்ப்பூசணியும் பயிரிடும் அங்கத்தினர்கள், பூ நிறையப் பூத்தும் காய் பிடிக்கவில்லை என்கின்றனர். பிடித்த காயும் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பி நிற்கின்றது என்கின்றனர். விடியற்காலையில் கூலி கொடுத்து ஆள் வைத்து, ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ வேண்டியிருக்கின்றது என்றும் நம்மிடம் முறையிடுகின்றனர். ஆயினும், பெட்டி வாங்குவதற்கு முன்னர் வாங்க வேண்டிய பொருள் வேறொன்று உண்டு என்பது நமது கருத்து. அது விதை. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் கிணற்று மேட்டிலும் தூவி வளர்க்கத்தக்க பூஞ்செடிகளின் விதை.

நமது நாட்டு அடுக்குத் தேனீ, பெட்டிக்குள் வைத்தாலும் காட்டு இயல்பை முற்றும் விட்டுவிடாத உயிர். சுற்றுவட்டத்தில் பூ அற்றுப்போனால் அது பட்டினி கிடந்து நம் தயவை எதிர்பார்ப்பதில்லை. ராணியோடு கூட்டம் முழுவதும் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்து போய்விடும். சங்கக் கணக்கில் ‘தேனீப் பெட்டி’ என்று தளவாடப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். போய்ப் பார்த்தால் உள்ளே பல்லி குடியிருக்கும். இத்தகைய பெட்டிகளை ஆய்வுக்குச் சென்ற இடங்களில் நாம் கண்டிருக்கின்றோம். அங்கத்தினர்மீது குற்றமில்லை. இரை இல்லாத இடத்தில் கூடு மட்டும் வைத்துப் பயனில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதியை எல்லோரும் எடுத்துக்காட்டுவர். தேனீ வளர்ப்பிலும் தேனைக் கூட்டுறவு முறையில் விற்பதிலும் அப்பகுதி நெடுங்காலமாகப் பெயர் பெற்றது உண்மையே. ஆனால் அங்கே அத்தொழில் தழைத்ததற்குப் பெட்டி மட்டுமே காரணமன்று. ரப்பர் மரம் இலையுதிர்த்து, தை மாசியில் புதுத்தளிர் விடுகையில், இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறுகின்றது. பூவே இல்லாமல் இலையிலிருந்து கிடைக்கும் அந்த நீரே அங்குள்ள பெட்டிகளைத் தேனால் நிரப்புகின்றது. அவ்வளவு இரை இருந்த இடத்திலும் 1991, 1992 ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் பரவிய புழுப்பை நோய், அடுக்குத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும் பகுதியை அழித்துவிட்டது. ரப்பரும் இல்லாத, காடும் இல்லாத செஞ்சிக் கரட்டிலும் விளாத்திகுளத்துக் கரிசலிலும் வெறும் பெட்டியை வைத்து என்ன எதிர்பார்க்க முடியும்?

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். பெட்டிக்கு வருவது தேனீ இனங்களுள் ஒன்றிரண்டே. வயலில் வேலை செய்பவையோ பல. சுவர்ப் பொந்திலும் மரப் பொந்திலும் குடியிருக்கும் கொசுத்தேனீ, புதர்க் கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ, உயர்ந்த மரத்திலும் பாறையிலும் தொங்கும் மலைத்தேனீ ஆகியவை கூட்டமாக வாழ்பவை. இவையன்றித் தனித்து வாழ்வனவும் உண்டு. மூங்கிலையும் காய்ந்த மரத்தையும் துளைத்து வசிக்கும் பெரிய கருவண்டும் தேனீக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இலையை வட்டமாக நறுக்கிக்கொண்டு போய் அறை கட்டும் தேனீயும், வயிற்றில் நீலப் பட்டை கொண்டு மண்ணில் வளை தோண்டும் தேனீயும் நம் தோட்டங்களில் நாள்தோறும் பறக்கின்றன. கத்தரிப் பூவை எடுத்துக்கொள்வோம். அதன் மகரந்தப் பை நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரச் செய்தால்தான் மகரந்தம் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டுக்கும் நீலப்பட்டைத் தேனீக்கும் தெரியும். இவற்றை எந்தச் சங்கமும் மானியத்தில் வாங்கித் தரமுடியாது. பூவை வைத்தால் வரும். பூவை அழித்தால் போகும்.

எல்லாப் பயிருக்கும் தேனீ வேண்டும் என்று நாம் மிகைப்படுத்திக் கூற விரும்பவில்லை. நெல், சோளம், கம்பு ஆகியவை காற்றினாலும் தாமாகவும் கருவுறுவன. 2007 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, உலகின் முக்கிய உணவுப் பயிர்கள் 115இல் 87 பயிர்களுக்குப் பூச்சி முதலிய உயிரினங்களின் உதவி ஏதேனும் ஓர் அளவில் பயன்படுகின்றது என்று கணக்கிட்டது. அவற்றின் விளைச்சல் எடையோ மொத்தத்தில் ஏறக்குறைய 35 விழுக்காடுதான். ஏனெனில் எடையில் பெரும்பகுதி தானியம். ஆனால் நமது அங்கத்தினர் கையில் ரொக்கம் புழங்கச் செய்பவை எவை? பூசணி, பாகல், தர்ப்பூசணி, எள், சூரியகாந்தி, முருங்கை, கொத்தமல்லி. இவை அனைத்தும் அந்த 87இன் பக்கம் சேர்ந்தவையே. கொடிக் காய்களிலும் வேற்றுமை உண்டு. சுரையும் புடலையும் மாலையில் வெண்பூ விரித்து இரவு நேர அந்துப்பூச்சிகளை எதிர்நோக்குவன. பூசணி விடியுமுன் மலர்ந்து முற்பகலிலேயே வாடிவிடும். தர்ப்பூசணிப் பூவுக்கு ஆயுள் ஒரே நாள்; அதற்குள் தேனீ பலமுறை வந்து சென்றால்தான் காய் கோணலின்றி உருளும். ஒரு முற்பகல் தவறினால் அந்தப் பூ தவறியதே.

நெசவாளர் அங்கத்தினர்கள் இதைப் படித்துவிட்டு, இது வயற்காரர் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்களோ என்று நாம் ஐயுறுகின்றோம். தறியில் ஏறும் நூல் ஆலையிலிருந்து கண்டுகளாக வருவதால், அதன் பிறப்பு பருத்திப் பூ என்பதே நினைவில் தங்குவதில்லை. பருத்தி தன் மகரந்தத்தாலேயே பெரும்பாலும் காய் பிடிக்கும் என்பது உண்மை. எனினும் தேனீ வந்து போகும் வயலில் காய்ப்பிடிப்பும் காயிலுள்ள கொட்டையும் கூடுகின்றன. பூ வெளிர் மஞ்சளாக மலரும் முதல் நாளே காலம். மறுநாள் சிவந்துவிட்டால் வேலை முடிந்தது. வரப்பில் நாம் விதைக்கச் சொல்லும் செடிகளுள் சணப்பை நார்ப் பயிர்; கயிறும் வலையும் அதிலிருந்து திரிக்கப்பட்டு வந்தன. அவுரி சாயப் பயிர். இயற்கை நீலத்துக்காக அதனைப் பயிரிடுவோர் திண்டிவனம் பக்கத்தில் இன்றும் உள்ளனர். வரப்பு அவுரியைக் கொண்டு தொட்டி நிரப்பிவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சாயத் துணிக்குக் கேட்பு உள்ள நெசவுச் சங்கம், அக்கம்பக்கத்து விவசாயச் சங்கத்துடன் அவுரி விதையைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை.

இனி விதைக்கு வருவோம். ‘காட்டுப் பூக் கலவை’ என்று பகட்டான படத்தோடு சிறு பொட்டலங்கள் இப்போது அஞ்சல் வழியே விற்கப்படுகின்றன. அவற்றில் பல, குளிர்நாட்டு மேய்ச்சல் நிலங்களில் பூப்பவை. இங்கிலாந்தில் 1930களிலிருந்து பூ நிறைந்த புல்வெளிகள் 97 விழுக்காடு அழிந்துவிட்டதாகக் கணக்கிட்டு, அங்கே உழவர்களுக்குப் பணம் கொடுத்து வயலோரத்தில் பூ விதைக்கச் செய்கின்றனர். நல்ல காரியந்தான். ஆனால் அவர்களுடைய விதை நமக்கு ஆகாது. நமது வெயிலில் அவை முளைத்தாலும் நிலைப்பதில்லை. நிலைத்துவிட்டால் அது இன்னும் பெரிய தொல்லை. பார்த்தீனியம் என்னும் களை 1950களின் நடுவில் புனேயில் கவனிக்கப்பட்டது. இன்று அது இல்லாத சாலையோரம் உண்டா? உண்ணிச்செடியும் ஒருகாலத்தில் அழகுச் செடியாகத்தான் இந்நாட்டுக்குள் வந்தது. எனவே பெயர் தெரியாத விதை எதையும் சங்கத்தின் வழியே விநியோகிக்கக் கூடாது என்பதில் நாம் உறுதியாக இருக்கின்றோம்.

நமக்கு வேண்டியவை நம் காலடியிலேயே இருக்கின்றன. தும்பை, நாய்த்துளசி, கொளுஞ்சி, ஆவாரை ஆகியவை தாமாகவே முளைப்பவை. இவற்றோடு சணப்பை, தட்டைப்பயறு, எள், கொத்தமல்லி, திருநீற்றுப் பச்சிலை ஆகிய விதைகளைச் சேர்த்தால் போதும். நிறத்திலும் நமக்குச் சாதகமே. தேனீக்குச் சிவப்பு இருளாகவே தோன்றும் என்றும், மஞ்சளும் நீலமும் நன்கு புலப்படும் என்றும் கார்ல் ஃபான் பிரிஷ் என்னும் அறிஞர் ஆராய்ந்து கூறினார். தேனீக்களின் நடன மொழியையும் கண்டு விளக்கிய அவருக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. தும்பையின் வெண்மையும் கொளுஞ்சியின் ஊதாவும் சணப்பையின் மஞ்சளும் தேனீயின் கண்ணுக்கு உகந்தவை. செண்டுமல்லியைச் சிலர் பரிந்துரைப்பர். மாலைக்குக் கட்டும் அடுக்குப் பூ வகையில் இதழ் மிகுந்திருப்பதால் தேனீக்கு அதிகம் எட்டுவதில்லை; ஒற்றை அடுக்கு நாட்டு வகையாயின் சேர்க்கலாம்.

ஒன்றை விலக்க வேண்டும். பருத்தி வயலின் வரப்பில் துத்தியையும் வெண்டையையும் வளர்க்கலாகாது. இரண்டும் பருத்தியின் உறவு. மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் காய்ப்புழுவும் அவற்றில் தங்கிப் பருத்திக்குத் தாவும். மஞ்சள் பூ அழகாக இருக்கின்றதே என்று துத்தியை விட்டுவைப்பது, பிறகு மருந்துக் கடை வாசலில் நிற்பதற்கே வழி.

எவ்வளவு விதை வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு சிறு கணக்கு. சதுரமான ஒரு ஏக்கருக்கு நான்கு பக்கமும் சுற்றளவு சுமார் 835 அடி. வரப்பில் 2 அடி அகலம் விதைத்தால் 1,670 சதுர அடி, அதாவது நான்கு செண்டுக்குச் சற்றுக் குறைவு. அதில் ஒன்றரை செண்டுக்குச் சணப்பை 180 கிராம், ஒரு செண்டுக்குத் தட்டைப்பயறு 100 கிராம், ஒரு செண்டுக்குக் கொத்தமல்லி 50 கிராம், அரைச் செண்டுக்கு எள் 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சேர்த்து 340 கிராம். தும்பை, துளசி, பச்சிலை, கொளுஞ்சி விதைகள் ஆளுக்கொரு பிடி. பொதுவரப்பை அடுத்த நிலத்தாரோடு பகிர்ந்துகொண்டால் அதிலும் பாதி மிச்சம். இதற்கு ஆகும் செலவை ஒரு தேனீப் பெட்டியின் விலையோடு அங்கத்தினர் தாமே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

விதைக்கும் முறையில் சில நுட்பங்கள் உள்ளன. எல்லா விதையையும் ஒரே பையில் கொட்டி வைத்தால், சணப்பையும் பயறும் ஒரு பக்கமும், எள்ளும் துளசியும் மறுபக்கமுமாகப் பிரிந்துவிடும். வரப்பின் ஒரு கோடியில் வெறும் சணப்பையும் மறுகோடியில் வெறும் எள்ளும் முளைப்பது அதனால்தான். ஆகவே இரண்டு நடையாக விதைக்க வேண்டும். முதல் நடையில் பருத்த விதைகளைத் தூவி, கொத்தால் கீறி, விரற்கடை ஆழம் மூட வேண்டும். இரண்டாம் நடையில் நுண்ணிய விதைகளை அவற்றைப்போல் பத்து மடங்கு சலித்த மணலுடன் கலந்து மேலாகத் தூவி, காலால் மிதித்துவிட்டால் போதும். துளசி, தும்பை விதைகளை ஆழத்தில் புதைத்தால் முளைக்காது. மணல் கலப்பதில் இன்னொரு நன்மை, எங்கே தூவினோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

கொத்தமல்லி விதையை அப்படியே போடக்கூடாது. ஒன்றாகத் தோன்றுவதில் இரண்டு விதைகள் ஒட்டியிருப்பதால், செருப்புக் காலாலோ பலகையாலோ தேய்த்துப் பிளந்துகொள்ள வேண்டும். கொளுஞ்சியும் ஆவாரையும் அவுரியும் தோல் கடினமானவை. மணலோடு சேர்த்து உரலில் மெல்ல இடித்துத் தோலைக் கீறிவிட்டால் ஒருமிக்க முளைக்கும். இல்லையேல் இவ்வாண்டு கொஞ்சம், அடுத்த ஆண்டு கொஞ்சம் என்று தவணை முறையில் முளைக்கும். (நமது சங்கக் கடன் வசூலைப் போல என்று ஒரு செயலர் நண்பர் வேடிக்கையாகக் கூறினார்.) திருநீற்றுப் பச்சிலையின் விதை மளிகைக் கடையில் சப்ஜா விதை என்று கிடைப்பதுதான். நீரில் போட்டால் வழவழவென்று கொழகொழத்துவிடும். ஆகவே ஊறவைக்காமல் உலர்ந்த மணலோடு தூவ வேண்டும். கடையில் பயறோ சணப்பையோ வாங்குவோர் பூச்சிமருந்து தடவிய விதையைத் தவிர்க்க வேண்டும். நிறமூட்டிய விதையென்றால் கேட்டறிந்து வாங்குக.

காலம் முக்கியம். வடகிழக்குப் பருவமழையை நம்பும் மாவட்டங்களில் புரட்டாசிக் கடைசியில் மண் நனைந்ததும் விதைக்கலாம். தென்மேற்கு மழை எட்டும் மேற்குப் பகுதிகளில் ஆடியிலேயே தொடங்கலாம். முழு விதையையும் ஒரே நாளில் போடாமல், பாதியை இருபது நாள் பிந்திப் போட்டால் பூக்காலம் நீளும். எள் ஏறக்குறைய நாற்பது நாளிலும், கொத்தமல்லியும் சணப்பையும் அதற்குச் சற்றுப் பின்னும் பூக்கத் தொடங்கும். இவை மார்கழியோடு ஓய்ந்துவிடும். அதன்பின் தை, மாசியில் தர்ப்பூசணி பூக்கும் வேளையில் வரப்பில் நிற்பவை பச்சிலையும் துளசியும் கொளுஞ்சியும் ஆவாரையுமே. இவற்றைச் சேர்க்காத கலவை பாதிக் கலவை. பங்குனி பிறந்துவிட்டால் புங்கும் வேம்பும் புளியும் அடுத்தடுத்துப் பூத்துத் தேனீயைக் காப்பாற்றும். அந்த மரங்களை வெட்டாதிருந்தால் போதும்.

சணப்பையைப் பற்றித் தனியே ஒரு சொல். பசுந்தாள் உரத்துக்காக விதைப்பவர்கள், முதல் பூ தலைகாட்டும்போதே மடக்கி உழுதுவிடுவது வழக்கம். உரத்துக்கு அதுவே சரி. ஆனால் வரப்போரம் இரண்டு சால்களை உழாமல் விட்டுவைத்தால் என்ன நஷ்டம்? சணப்பை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி. கருவண்டும் இலைவெட்டும் தேனீயும் போன்ற வலிய தேனீக்கள் பூவை அழுத்தித் திறந்தால்தான் காய் பிடிக்கும். எனவே அந்த இரண்டு சாலில் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் வயலில் தேனீ உண்டு என்று பொருள். பூத்துப் பூத்து உதிர்ந்து காம்பு மொட்டையாக நின்றால் தேனீ இல்லை என்று பொருள். எந்தக் கருவியும் இல்லாமல் எண்ணிப் பார்த்துக்கொள்ளத்தக்க கணக்கு இது. அதன் விதை கால்நடைக்குத் தீங்கானதால் தீவனத்தில் கலவாதபடி பார்த்துக்கொள்க. ஆளுயரம் வளர்வதால் வடக்கு வரப்பில் போடுக. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் சூரியன் தென்புறம் சாய்ந்திருப்பதால், தெற்கு வரப்பில் போட்டால் நிழல் பயிரின்மேல் விழும்.

மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். வரப்பில் செடி மண்டினால் எலியும் பாம்பும் சேரும் என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை உண்டு. அதனால்தான் நடக்கும் வரப்பிலும் மடைவாயிலும் விதைக்க வேண்டாம் என்கின்றோம். ஓரத்தில் இரண்டடிப் பட்டையாக, முழங்காலுக்கு மேற்படாத செடிகளாக, அடிப்பாகம் தெரியும்படி வளர்த்தால் போதும். நெல் வயலிலேயே வரப்பில் தட்டைப்பயறும் எள்ளும் உளுந்தும் போட்டு, பூச்சியைத் தின்னும் நன்மைப் பூச்சிகளுக்கு இடங்கொடுக்கும்படி வேளாண் பல்கலைக்கழகத்தார் பரிந்துரைத்து வருகின்றனர். நாம் சொல்வது அதன் நீட்சியே.

வரப்புப் பூ தேனீயைத் தன்பால் இழுத்துக்கொண்டு பயிர்ப் பூவைப் பட்டினி போடாதா என்பது இரண்டாவது. நுட்பமான கேள்வி. பயிர் பூக்கும் சில வாரங்களில் வயல் முழுதும் பூ. வரப்பிலோ நான்கு செண்டு. பயிர் பூக்காத மற்ற மாதங்களில் அந்த நான்கு செண்டே தேனீயை உயிரோடு வைத்திருப்பது. ஐயம் தீராதவர் பயிர் பூக்கும் வேளையில் வரப்புச் செடியில் பாதியை அரிவாளால் தலைகொய்துவிடலாம். துளசியும் பச்சிலையும் மீண்டும் தழைத்துப் பூக்கும்.

‘வரப்பு சுத்தமாயிருக்க வேண்டாமா?’ என்பது மூன்றாவது. இதற்குத்தான் விடை சொல்வது கடினம், ஏனெனில் இது பழக்கத்தைச் சார்ந்தது. களைக்கொல்லி அடித்துச் செம்மண் தெரிய மொட்டையாக்கிய வரப்பையே நல்ல விவசாயியின் அடையாளமாக நாம் பாராட்டி வந்திருக்கின்றோம். முந்தைய தலைமுறையில் வரப்பு ஆட்டுக்கும் மாட்டுக்கும் புல் தந்தது, வீட்டுக்குக் கீரை தந்தது, தும்பையும் துளசியும் தந்தது. கரட்டோரத்தில் ஒரு முழ நிலம் உழாமல் கிடந்தால் மண்வளைத் தேனீயும் பிழைத்தது. இப்போது அந்த ஒரு முழத்துக்கும் மருந்து. வரப்பு அறுக்கும் கூலி மிகுந்துவிட்டதால் மருந்தடிப்பது மலிவாகிவிட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. விதைத்த வரப்புக்கு அறுப்புக் கூலி ஆண்டுக்கு ஒருமுறை, மாசியில் விதை எடுத்தபின் மட்டும்.

இனிச் சங்கத்தின் பங்கைப் பற்றி வெளிப்படையாகப் பேசவேண்டும். பல சங்கங்களின் விற்பனைக் கிடங்கில் உரத்துக்கு அடுத்து லாபம் காட்டுவது பூச்சிமருந்து. வரவு செலவுக் கணக்கைப் பார்வையிடுவோருக்கு இது புதிதன்று. ஒரு கையால் தேனீப் பெட்டிக்குத் தீர்மானம் நிறைவேற்றி, மறுகையால் பூக்கும் பயிரில் அடிக்க மருந்தை எடுத்துக் கொடுப்பது முறையா? இமிடாகுளோபிரிட் முதலிய மருந்துகள் செடியின் சாற்றோடு கலந்து மகரந்தத்திலும் தேனிலும் ஏறுபவை. ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டில் அத்தகைய மூன்று மருந்துகளைத் திறந்த வயலில் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. நாம் தடை கோரவில்லை. புழு தின்றுகொண்டிருக்கும் வயலின் முன் நிற்பவனுக்கு அறிவுரை கூறுவது எளிதன்று என்பதும் தெரியும். ஆனால் மருந்து வாங்கும் அங்கத்தினரிடம், பயிர் பூவிலிருக்கின்றதா என்று விற்பனையாளர் ஒரு கேள்வி கேட்கலாம். பூத்திருந்தால் தள்ளிப்போடச் சொல்லலாம். தள்ள முடியாதெனில் காலையில் அடிக்காமல் பொழுது சாய்ந்தபின் அடிக்கவும், வரப்புப் பூவில் படாமல் அடிக்கவும் சொல்லலாம். இதனால் விற்பனை சிறிது குறையக்கூடும். குறையட்டும். அங்கத்தினரின் காய் கூடுவதற்காக ஏற்பட்டதே சங்கம். அவருக்கு விற்ற புட்டிகளின் எண்ணிக்கைக்காக அன்று.

செயல்முறை கடினமானதன்று. தை, மாசியில் தும்பைத் தலைகள் காய்ந்து நிற்கும். துணியை விரித்து உதறினாலே விதை கொட்டும். துளசியும் கொளுஞ்சியும் அவ்வாறே. ஆடு மேய்க்கும் மூதாட்டிகளுக்கு எந்தக் கரையில் எது நிற்கின்றது என்பது நன்கு தெரியும். நாம் பட்டப்படிப்பில் மூன்றாண்டு தாவரவியல் பயின்றும் கொளுஞ்சியின் இரு வகைகளை ஒருவர் காட்டிக்கொடுத்த பின்னரே பிரித்தறிந்தோம். அவர்களிடமிருந்து சங்கம் எடைபோட்டு விதை வாங்கலாம். துணைவிதி இடந்தருமாயின் பொதுநல நிதியிலிருந்து அதற்குச் செலவிடலாம், அவர்களுக்கும் பிழைப்பு. எள், பயறு முதலிய பயிர் விதைகளை விற்பதற்கு விதை விற்பனை உரிமம் வேண்டும் என்பதைச் செயலர்கள் மறக்கலாகாது. உரிமம் இல்லாத சங்கம் காட்டுச் செடி விதையை மட்டும் அங்கத்தினருக்குப் பகிர்ந்தளித்து, மற்றவற்றை உரிமம் பெற்ற இடத்திலிருந்து வாங்கச் செய்யலாம். சேர்த்த விதையை நிழலில் உலர்த்தி, வேப்பிலையோடு துணிப்பையில் கட்டி, பெயரும் ஊரும் மாதமும் எழுதி வைக்க வேண்டும். நெகிழிப் பையில் இறுகக் கட்டினால் புழுங்கிக் கெடும்.

முதலாண்டில் சங்கத்துக்குப் பத்து அங்கத்தினர் முன்வந்தால் போதுமானது. அவர்களும் பக்கத்துப் பக்கத்து நிலத்தினராய் இருத்தல் நலம். கொசுத்தேனீ சில நூறு கஜத்துக்கு அப்பால் இரை தேடிச் செல்வது அரிது. ஊரின் நான்கு மூலையில் நான்கு பேர் விதைப்பதைவிட, ஒரே வாய்க்காலின் பாசனத்தார் சேர்ந்து விதைப்பதே பலன் தரும். தனித்தனியே செய்தால் பயன் குறைவு, சேர்ந்து செய்தால் பயன் பெருக்கம் என்னும் காரியங்கள் கூட்டுறவுக்கென்றே அமைந்தவை. எனவே அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் தேனீப் பெட்டி என்னும் பொருள் இருக்குமாயின், அதற்கு மேலே ‘வரப்புப் பூ விதை சேகரம்’ என்று ஒரு வரி சேர்க்கும்படி செயலர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். விதை சேர்க்கும் பருவம் தை முதல் மாசி முடிய. கூட்டம் அதற்குப் பின் வரும் சங்கங்களில், நிர்வாகக் குழுவே முன்னதாகக் கூடித் தீர்மானித்துக்கொள்ளலாம்.